ஒரு சாண் தைக்காத திரை

எங்கள் தெருவுக்கு வந்து என் மனைவியின் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'ஒரு சாண் வீடு எது?' என்று கேட்டால் போதும், முனைக் கடைக்காரர் வியாபாரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கூடவே வந்து காட்டுவார். அந்தப் பட்டம் கிடைத்த கதையை எடுத்தால் இன்றும் அவளுக்கு மூக்கு விடைக்கும். விடைக்கட்டும். இருபத்திரண்டு வருடம் குடித்தனம் செய்தவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

அவள் திரைச்சீலை தைப்பவள். கடலோரத்தில் பணக்காரக் குடியிருப்புகள் வரத் தொடங்கிய காலத்தில் முதல் பெரிய வேலை கிடைத்தது. ஆறு ஜன்னல், எல்லாம் தரைவரை கண்ணாடி. துணி தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும் என்று வீட்டம்மா சொன்னார். அப்படியே தைத்து மாட்டினாள். முதல் சலவை ஆனதும் ஆறு திரையும் பேசி வைத்த மாதிரி ஒரு சாண் மேலே ஏறிக்கொண்டன. பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன்னால் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்திருக்க வேண்டும். அவசரத்தில் அதைச் செய்யவில்லை.

வீட்டம்மா போன் செய்தார். "ஏம்மா, என் ஜன்னல் எல்லாம் அரை டவுசர் போட்டுக்கிட்டு நிக்குது. வந்து பாரு."

போய்ப் பார்த்தாள். ஒரு சாக்கும் சொல்லவில்லை. தன் செலவில் புதுத் துணி எடுத்து ஆறையும் மறுபடி தைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கொல்லைக் கொடியில் ஈரத்துணி தொங்காத நாள் கிடையாது. எவ்வளவு அவசர வேலையாக இருந்தாலும் ஊறாத துணியில் கத்தரி படாது. இந்தக் கதையைத் தெருவில் பரப்பியது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. புது வீட்டுக்கு முதல்முறை போகும்போது இஞ்சு டேப்பை எடுத்துப் போக மாட்டாள். வெறுங்கையோடு போய், "நீங்க வழக்கமா எங்க உட்காருவீங்க? எந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பீங்க?" என்று கேட்பாள். அவர்கள் உட்காரும் இடத்திலேயே அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். வெயில் எங்கிருந்து வருகிறது, கண் எங்கே போகிறது, எது உறுத்துகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியுமாம். இதென்ன, தைக்க வந்தவள் சோபாவில் சாய்ந்துகொண்டாள் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அதற்கெல்லாம் அவள் அசர மாட்டாள். அளவெடுப்பது மறுநாள்தான்.

இப்படிப் பதினைந்து வருடம் பிறத்தியார் சோபாக்களில் உட்கார்ந்து உட்கார்ந்து, யார் எதற்காகக் கடலோரத்தில் வீடு வாங்குகிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. எங்கள் கரையில் மூன்று குடியிருப்புகள். மூன்றும் ஒரே கடலைத்தான் பார்க்கின்றன. ஆனால் ஒன்றில் வாங்குகிறவர் மற்றொன்றில் தலைவைத்துப் படுக்க மாட்டார்.

முதலாவது மணலை ஒட்டியது. கடலே இல்லாத ஊர்களிலிருந்து வருகிறவர்கள் அங்கே வாங்குவார்கள். கட்டிலிலிருந்து கால் எடுத்து வைத்தால் மணலாக இருக்க வேண்டும், காதில் அலை கேட்க வேண்டும். வாங்கிய அன்று கண்ணில் தண்ணீரே வந்துவிடும். மூன்றாவது மாதம் அவளுக்குப் போன் வரும். கண்கூச்சம் தாங்கவில்லை, சோபா வெளுத்துப்போகிறது, கனமான துணி வேண்டும். ஆறாவது மாதம் தயங்கித் தயங்கி இன்னொரு போன்.

"அலைச்சத்தம் உள்ள வராத மாதிரி ஏதாவது துணி இருக்காம்மா?"

அவளும் சிரிக்காமல், "இருக்குதுங்க, உள்துணி ரெண்டு வச்சுத் தைக்கணும்" என்பாள். சிரிப்பையெல்லாம் சேர்த்து வைத்து வீட்டுக்கு வந்து கொட்டுவாள். அதே குடியிருப்பில் வயதான ஒரு டீச்சரம்மா மட்டும் முதல் நாளே சொல்லிவிட்டாராம்: "கடல் கிடக்கட்டும்மா. ஆஸ்பத்திரி பத்து நிமிஷத்துல இருக்கு, அதுக்குத்தான் வாங்கினேன்." அந்த அம்மாவை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இரண்டாவது படகுத்துறைக் குடியிருப்பு. வீட்டு வாசலில் கார் நிற்கிற மாதிரி கொல்லையில் படகு நிற்கும். அங்கே யாரும் கடலைப் பார்க்க மாட்டார்கள், பக்கத்து வீட்டுப் படகைத்தான் பார்ப்பார்கள். திரை மெல்லிசாக இருக்க வேண்டும். உள்ளே விளக்குப் போட்டால் வெளியில் இருப்பவனுக்கு வீடு முழுக்கத் தெரிய வேண்டும். அளவு சொல்வதற்கு முன்னால் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பக்கத்து வீட்டுல என்ன துணி போட்டிருக்காங்க?"

மூன்றாவது எங்கள் வீட்டுக்குக் கீழே இருப்பது. எங்கள் தெரு ஒரு மேட்டில் ஏறிப் போய் முடியும். கடைசி வீடு எங்களுடையது. சரிவில் கீழே பெரிய மதில், அதற்குள் நாற்பது பங்களா, அதற்கப்பால் கடல். உள்ளே போக இரண்டு கேட், இரண்டு காவல். அங்கே வாங்க வருகிறவர்களுக்கு அலையும் வேண்டாம், படகும் வேண்டாம். மனிதர்கள் இல்லாமல் இருக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் நாலு பேர் கண்ணில் பட்டுச் சம்பாதித்துவிட்டு, கடைசியில் ஒருவர் கண்ணிலும் படாமல் இருக்க ஆசைப்படுகிறவர்கள். அதைக் கட்டிய கம்பெனி அடித்த விளம்பரப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே, 'கடலும் நீங்களும் மட்டும்' என்று போட்டிருந்தது.

மட்டும் இல்லை. நானும் இருக்கிறேன்.

நான் டைல்ஸ் வேலைக்காரன். அந்த நாற்பதில் மாதிரி வீடாக முதலில் கட்டியதன் நீச்சல் குளம் என் கைவேலை. நீலத்தில் நான்கு சாயல், ஆழம் கூடக் கூட நிறம் அடர்ந்துகொண்டு போகும். இடுக்கில் சாந்து ஒரு நூல் பிசகியிருக்காது. கடைசி வரிசைக்கு விளிம்புக்கல் வைக்கும்போது கால் வழுக்கி, தண்ணீர் விடாத குளத்தில் ஏழடி கீழே விழுந்தேன். இடுப்பு எலும்பு போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து கேட்டால், வேலையாட்கள் பட்டியலில் என் பெயரே இல்லை என்றார்கள். குளம் இருக்கிறது, டைல்ஸ் இருக்கிறது, போட்டவன் மட்டும் இல்லை. நாலைந்து மாதம் நடையாய் நடந்தாள் என் மனைவி. அப்புறம் ஒரு நாள், "அவங்க மூஞ்சியில இனி முழிக்க மாட்டேன்" என்று விட்டுவிட்டாள்.

அதிலிருந்து என் இடம் ஜன்னலோர நாற்காலி. அவள் முன்னறையில், பழைய கதவு ஒன்றைப் படுக்கப்போட்டுச் செய்த மேசைமேல் வெட்டித் தைப்பாள். நான் ஜன்னல் வெளிச்சத்தில் திரைக்குக் கொக்கி தைப்பேன். காற்றில் பறக்காமல் இருக்கக் கீழ் மடிப்புக்குள் ஈயக்குண்டு வைப்பதும் என் வேலைதான். கை வேலை செய்யும், கண் வெளியே இருக்கும். துறைக்கு எந்தப் படகு திரும்பியது, எது இன்னும் வரவில்லை என்று பார்ப்பேன். அப்படியே என் குளத்தையும் ஒரு பார்வை பார்ப்பேன். போட்டவனுக்குத்தானே தெரியும் அருமை. குளிக்கிறவர்களை எட்டிப்பார்க்க எனக்கென்ன பைத்தியமா? அந்த மாதிரித் தொந்தி எனக்கே ஒன்று இருக்கிறது.

போன வருடம் ஒரு மத்தியானம் கம்பெனியின் விற்பனை மேனேஜர் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார். முப்பது வயதிருக்கும், டை கட்டியிருந்தார், மேடு ஏறியதில் வேர்த்துக் கொட்டியது. கையில் ஒரு சாம்பல் நிறத் துணிச்சுருள். மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்றவள்தான், ஆனாலும் மேடேறி வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னாள் என் மனைவி.

"அக்கா, நாற்பது வீட்டுக்கும் ஸ்கிரீன் வேலையை உங்களுக்கே கொடுக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம்" என்றார்.

கத்தரி அவள் கையிலிருந்து மேசைமேல் நழுவியது. நாற்பது வீடு என்றால் இரண்டு வருட வேலை. துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் இடிபட வேண்டாம். இன்னொரு மெஷின் போடலாம். கூட இரண்டு பேரை வைத்துக்கொள்ளலாம். பதினைந்து வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

"ஒரே ஒரு சின்ன விஷயம்" என்று மேனேஜர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "மாதிரி வீட்டை ஒரு சாருக்குப் பிடிச்சிருக்கு. அவர் வாங்கினா அவர் நண்பர்கள் எல்லாம் வரிசையா வாங்குவாங்க. ஆனா மேல இருந்து யாரோ பார்க்கிற மாதிரி இருக்குதுன்னு கையெழுத்துப் போட மாட்டேங்கிறார். இந்த ஜன்னலுக்கு மட்டும் ஒரு கனமான ஸ்கிரீன் தைச்சு, எப்பவும் மூடியே வச்சுட்டீங்கன்னா... துணி கம்பெனியோடது. நீங்களே தைச்சுக்கலாம்."

யாரோ! அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் என் நாற்காலிக்கும் நாலடி தூரம். அந்த யாரோ கொக்கி தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குனிந்து அடுத்த கொக்கியை எடுத்தேன். என் வாய் அவள் வேலையைக் கெடுத்துவிடக்கூடாது.

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றாள் அவள். துணிச்சுருளை வைத்துவிட்டு அவர் இறங்கிப் போனார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒப்புக்கொள் என்று சொன்னவன் நான்தான்.

"ஜன்னல்தானேம்மா. விளக்கைப் போட்டுக்கிட்டு கொக்கி தைச்சுட்டுப் போறேன். கடல் எங்கயும் ஓடிடாது."

"நீங்க பேசாம இருங்க."

"இந்த மாதிரி வேலை இனிமே வருமா? எனக்காகப் பார்த்து நீ ஏமாந்துடாதே."

"வாயை மூடுங்கன்னு சொன்னேன்" என்றாள். எங்கள் வீட்டில் அந்தச் சொல் வந்தால் அப்புறம் பேச்சு கிடையாது. நான் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மெதுவாகப் படுக்கைக்குப் போய்விட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டுதான் படுத்திருந்தேன், தூங்கவில்லை. மெஷின் சத்தம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. எட்டிப் பார்த்தால், அவள் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் இஞ்சு டேப் இல்லை. கையில் ஒன்றுமில்லை. எல்லார் வீட்டிலும் போய் உட்காருகிற மாதிரியே, சும்மா உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விழுந்து ஆன நான்கு வருடத்தில் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவளுக்கு ஏது நேரம்? அரைமணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. துறைக்கு இரண்டு படகு வந்ததைப் பார்த்திருப்பாள். வெயில் இறங்கும்போது குளத்து நீலம் மாறுவதையும் பார்த்திருப்பாள்.

எழுந்து வந்து என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அந்த இடத்துல உட்கார்ந்தா இதைத் தவிர வேற ஒண்ணும் இல்லீங்க. இதையும் மூடிட்டா சுவரு. உங்களைச் சுவரைப் பார்த்து உட்கார வச்சுட்டு நான் எத்தனை வீட்டுக்குத் தைச்சு என்ன?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது வீடு போகிறதே என்ற பயமும் இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மாதிரி வீட்டுக்கு வரச்சொல்லியிருந்தார்கள், அந்த சாரும் வருவார் என்று. நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாள். நான் கொக்கியும் ஊசியுமாக ஜன்னலில் உட்கார்ந்துகொண்டேன். இந்த ஒரு நாள் மட்டும், ஆமாம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்.

குளத்தங்கரையில் மூன்று பேர். மேனேஜரின் டை தெரிந்தது. வெள்ளைத் தொப்பியில் ஓர் ஆள். என் மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் கை ஏறிவிட்டால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. என்ன பேசினார்கள் என்று அவள் வந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

தொப்பிக்காரர்தான் ஆரம்பித்தாராம். "அந்த மேல் வீட்டு ஜன்னல்ல எந்நேரமும் ஒருத்தன் உட்கார்ந்திருக்கான்."

"ஒருத்தன் இல்லீங்க. எங்க வீட்டுக்காரரு."

மேனேஜர் நடுவில் புகுந்து, "அக்கா, கொஞ்சம் பக்குவமா..." என்றாராம்.

"பக்குவமாத்தான் தம்பி பேசறேன். சார், நீங்க நிக்கிறீங்களே, இந்தக் கல்லு வரைக்கும் அவர் போட்டது. அதோ அந்த முனையிலதான் விழுந்தார். நல்லா இருக்கான்னு பார்ப்பார். வேற ஒண்ணுக்குமில்லை."

"இருக்கலாம்மா. என் வீட்டுல நான் நிம்மதியா குளிக்கக்கூடாதா?"

"தாராளமா குளிங்க. ஸ்கிரீன் வேணும்னா நானே வந்து உங்க பக்கம் மாட்டித் தர்றேன். யாருக்குக் கூச்சமோ அவங்க வீட்டுலதான் ஸ்கிரீன் மாட்டணும். இத்தனை வருஷத்துல, கூச்சப்படறவர் ஒருத்தர், மூடிக்கிறவர் இன்னொருத்தர்னு நான் எங்கேயும் தைச்சதில்லை."

தொப்பிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "இவ்வளவு கொடுத்து வாங்கறேன். நான் மூடிக்கணுமா?"

"நீங்க காசைக் கொடுத்து வாங்கறீங்க. அவர் இடுப்பு எலும்பைக் கொடுத்துக் கட்டினார். ரெண்டுல எது திரும்பி வரும்னு நீங்களே சொல்லுங்க."

மேனேஜர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்தச் சமயம்தான் நான் மேலேயிருந்து பார்த்தது: அவள் திரும்பி, அந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கையை உயரத் தூக்கி ஆட்டினாள். தொப்பியும் டையும் சேர்ந்து திரும்பின. ஒளியவா முடியும்? ஒளிய நான் என்ன திருடனா? நானும் தைத்துக்கொண்டிருந்த திரையோடு சேர்த்துக் கையைத் தூக்கி ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து செருப்பை உதறிவிட்டு, "நாற்பது வீடும் போச்சு" என்றாள். பிறகு, "டீச்சரம்மா வீட்டு மாடிக்கு ரெண்டு திரை தைக்கணும், கொக்கி ஆச்சா?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு அவள்மேல் வந்த பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொக்கி ஆகவில்லை என்று மட்டும் சொன்னேன். திட்டினாள்.

வேலை நகரத்துப் பெரிய கடைக்குப் போயிற்று. தொப்பிக்காரர் வீட்டை வாங்கத்தான் செய்தார், அவர் நண்பர்களும் வரிசையாக வாங்கினார்கள். என் ஒருவன் கண்ணுக்காக அவ்வளவு பெரிய கடலை விட்டுவிட்டா போய்விடுவார்கள்? அதற்குப் பதில் கம்பெனிக்காரர்கள் மதில்மேல் பச்சைத் தகரம் அடிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் ஜன்னலிலிருந்து மதில் இருபதடிதான். ஒரு வரிசை அடித்தார்கள், இரண்டு வரிசை அடித்தார்கள். மூன்றாவது வரிசை ஏற்றப் போனபோது உள்ளே இருப்பவர்களே, இது என்ன சிறைச்சாலை மாதிரி இருக்கிறது என்று சத்தம் போட, இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த இரண்டே எனக்குப் போதுமானதாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் தூரத்துக் கடல் ஒரு கோடாகத் தெரியும். துறை தெரியாது, படகு கரை சேர்வது தெரியாது, என் குளம் தெரியாது. எழுந்து நின்றால் எல்லாம் தெரியும், ஆனால் என் இடுப்பு பத்து நிமிடத்துக்குமேல் நிற்க விடாது. ஒரு வாரம் தகரத்தின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு கொக்கி தைத்தேன். ஒரு நாள் காலையில் அவள் வந்து, நான் உட்கார்ந்திருக்கும்போதே நாற்காலியிலிருந்து என் கண்வரை இஞ்சு டேப்பைப் பிடித்து அளந்துவிட்டுப் போனாள்.

கொல்லைக் கொடியில் அந்தச் சாம்பல் நிறத் துணி காய்ந்துகொண்டிருந்தது. கம்பெனித் துணியாக இருந்தாலும் ஊறவைக்காமல் வெட்ட அவளுக்கு மனம் வராது. சாயங்காலம் அதில் ஒரு மெத்தை தைத்து, வெட்டி மிஞ்சிய துண்டுத்துணிகளையெல்லாம் உள்ளே கெட்டியாக அடைத்து, நாற்காலியில் போட்டாள்.

"ஏம்மா, அவங்க துணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?" என்று கேட்டேன்.

"நம்ம ஜன்னலுக்குன்னு கொடுத்தாங்க. நம்ம ஜன்னலுக்குத்தான் போட்டிருக்கேன். உட்காருங்க."

உட்கார்ந்தேன். துறை தெரிந்தது. மஞ்சள் படகு ஒன்று அப்போதுதான் கரைக்கு வந்துகொண்டிருந்தது. குளம் முழுக்கத் தெரிந்தது. ஆழமான முனையில், நான்காவது வரிசையில் ஒரு டைல் சற்றே தூக்கிக்கொண்டு நிற்கிறது. இப்போதே கவனித்தால் அரைநாள் வேலை, விட்டால் வரிசையே பெயர்ந்துவிடும். நான் போய்ச் சொல்லப்போவதில்லை. பட்டியலில் இல்லாதவன் எப்படிச் சொல்வது?

மெத்தையின் உயரத்தை நானே கையால் அளந்து பார்த்தேன். ஒரு சாண்.